மதிப்பெண்ணோடு அளவுகோலும் சேர்ந்து போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புக்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கும் எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பது பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளியான கட்டுரையையும், அதனுடன் இருந்த அட்டவணையையும் படித்தேன். ஒவ்வொரு நாட்டின் பெயருக்கும் எதிரே ஒரே ஓர் எண். அந்த அளவு சிஜிபிஏ (எல்லா செமஸ்டர்களுக்கும் சேர்த்த சராசரிக் கிரேடுப் புள்ளி) இருந்தால் விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்ற பாணியில் அமைந்த அந்த அட்டவணை, எழுதியவர் நல்ல எண்ணத்தோடு தந்ததாகவே இருந்தாலும், தகுதியுள்ள பலரைத் தேவையில்லாமல் பின்வாங்கச் செய்துவிடும். வேறு சிலருக்கு ஆதாரமில்லாத நம்பிக்கையையும் ஊட்டிவிடும். பல ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராக இருந்து மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதியவன், இடையில் சில காலம் வெளிநாட்டுத் துறையொன்றின் சேர்க்கைக் குழுவில் இருந்து விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில், இது குறித்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

மதிப்பெண் முக்கியமில்லை என்று வாதிட நான் வரவில்லை. அப்படிச் சொல்வது மாணவர்களை ஏமாற்றுவதாகும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கு 4.0 அளவில் 3.0 என்பதைக் குறைந்தபட்சத் தகுதியாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் வேறு பல பல்கலைக்கழகங்களும் அதே எண்ணைத்தான் எழுதி வைத்திருக்கின்றன. பிரிட்டனில் ஹானர்ஸ் பட்டத்தில் 100-க்கு 70-ம் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு, 50 முதல் 59 வரை கீழ் இரண்டாம் வகுப்பு, 40 முதல் 49 வரை மூன்றாம் வகுப்பு. அங்குள்ள முதுநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவை மேல் இரண்டாம் வகுப்பை அல்லது அதற்கு இணையான தகுதியைக் கேட்கின்றன. செவனிங், காமன்வெல்த் போன்ற பிரிட்டன் அரசின் உதவித்தொகைகளும் பொதுவாக அந்த எல்லைக் கோட்டையே பின்பற்றுகின்றன. படிப்புக்கு இடம் கிடைப்பதைவிட உதவித்தொகை கிடைப்பதில்தான் மதிப்பெண்ணின் பிடி இறுகுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த எண்கள் எந்த இடத்தில், எந்த வேலையைச் செய்கின்றன என்பதை அட்டவணைகள் சொல்வதில்லை. அமெரிக்க முறையில் குறைந்தபட்ச மதிப்பெண்ணைச் சரிபார்ப்பது பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு அலுவலகம். யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது துறைப் பேராசிரியர்கள் அடங்கிய குழு. கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒருவரைத் துறை உண்மையிலேயே விரும்பினால், காரணங்களை எழுதி விலக்குக் கேட்பதும், முதல் ஆண்டில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வதும் பல இடங்களில் நடைமுறையில் உள்ளவை. மறுபுறம், கோட்டைத் தாண்டிவிட்டதாலேயே இடம் உறுதி என்று எண்ணிவிடக் கூடாது. போட்டி மிகுந்த துறைகளில் கோட்டுக்கு வெகு மேலே இருப்பவர்களே கும்பலாகத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ஆக, குறைந்தபட்ச மதிப்பெண் ஒருவரை நீக்கப் பயன்படுகிறதே தவிர, தேர்ந்தெடுக்கப் பயன்படுவதில்லை. தேர்ந்தெடுக்கும்போது குழுவின் கண் போகும் இடங்கள் வேறு.

எந்த மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம், மூன்றாம் நான்காம் ஆண்டுப் பாடங்களில் பி பிளஸ், அதாவது தன் சொந்த அளவில் 76 விழுக்காட்டுச் சராசரியைக் கேட்கிறது. டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் பொது விதி இறுதியாண்டில் நடு நிலை பி சராசரியைக் கேட்கிறது. முதல் இரண்டு செமஸ்டரில் தடுமாறி, பிறகு நிமிர்ந்து நின்ற மாணவருக்கு இந்த விதி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மொத்த சிஜிபிஏ ஒன்றை மட்டுமே பார்த்து விண்ணப்பிப்பதையே கைவிட்ட மாணவர்களை நான் அறிவேன். அவர்களிடம் கடைசி நான்கு செமஸ்டர்களைத் தனியே கூட்டிப் பார்க்கும்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது தங்கள் அட்டவணையின் மையமான குறைக்கு வருகிறேன். 10 புள்ளி அளவில் உள்ள சிஜிபிஏயை 10-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் அமெரிக்க ஜிபிஏ கிடைத்துவிடும் என்று அதன் அடிக்குறிப்பு கூறுகிறது. இணையத்திலும் ஆலோசனை நிறுவனங்களின் துண்டறிக்கைகளிலும் எங்கும் காணப்படும் இந்தக் கணக்கு தவறானது. தவறு எங்கே இருக்கிறது என்பது வேறு நாடுகளின் அளவுகோல்களை அருகில் வைத்தால் உடனே விளங்கும். பிரான்ஸில் மதிப்பெண் 20-க்கு. 10 எடுத்தால் தேர்ச்சி, 12-க்கு மேல் ஒரு சிறப்பு, 14-க்கு மேல் அடுத்த சிறப்பு, 16-க்கு மேல் உயர்ந்த சிறப்பு. அங்கே 14 எடுத்த மாணவர் வகுப்பின் நல்ல மாணவர்களில் ஒருவர். மேற்சொன்ன கணக்கைப் போட்டால் அவருக்குக் கிடைப்பது 2.8, கலிஃபோர்னியாவின் கோட்டுக்குக் கீழே. பிரிட்டனில் 68 எடுத்து முதல் வகுப்பை மயிரிழையில் தவறவிட்ட மாணவருக்கு 2.72. நெதர்லாந்திலும் 10 புள்ளி அளவுதான்; ஆனால் அங்கே 9-ம் 10-ம் அரிதாகவே வழங்கப்படுகின்றன, 8 என்பது மிகச் சிறந்த மதிப்பெண். டென்மார்க்கில் 2007 முதல் வழக்கில் உள்ள அளவுகோல் 12-இல் தொடங்கி, தேர்ச்சிக்குரிய 2-ஐக் கடந்து, கழித்தல் 3 வரை இறங்குகிறது. ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. பக்கத்து சுவிட்சர்லாந்தில் 6 உச்சம், 4 தேர்ச்சி. இவ்வளவு வேறுபாடுகளையும் ஒரே பெருக்கலில் அடக்கிவிட முடியும் என்று நம்புவதற்குத் துணிச்சல் வேண்டும்.

சேர்க்கை அலுவலர்கள் இதை அறிந்தே இருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் தங்கள் விண்ணப்பப் படிவத்தில், மதிப்பெண் பட்டியலில் உள்ள எண்ணை அப்படியே எழுதுங்கள், 4.0 அளவுக்கு நீங்களாக மாற்றாதீர்கள் என்று வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றன. மாற்றம் தேவைப்படும் இடங்களில் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட்டுத் தரும் வெஸ் போன்ற அமைப்புகளின் அறிக்கையைக் கேட்பதுண்டு. அவை மொத்தச் சராசரியைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் அந்த நாட்டின் வழக்கப்படி எழுத்துக் கிரேடாக்கி, கிரெடிட்டால் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளியால்) எடையிட்டுப் பிறகே சராசரி காண்கின்றன. அந்த வழியில் கிடைக்கும் எண், மாணவர் தானே பெருக்கிக் கண்ட எண்ணைவிட உயர்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கன்சல்டன்சியின் கணக்கை நம்பிப் படிவத்தில் மாற்றிய எண்ணை எழுதியவருக்கு இரட்டை நட்டம்: தன்னைத் தானே குறைத்துக்கொண்டதோடு, படிவத்தின் அறிவுறுத்தலைப் படிக்காதவர் என்ற பெயரும் சேர்கிறது.

ஜெர்மனியின் கதை தனி. அங்கே மாற்றுவதற்கு ஒரு சூத்திரமே இருக்கிறது. திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்று அதைச் சொல்வார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவரின் மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். அதை, உச்ச மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். 3-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்ட வேண்டும். 10-க்கு 7.2 எடுத்த ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிக்கு 5 வேண்டும் என்றால், இடைவெளி 5, 2.8-ஐ 5-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் 1.68, ஒன்றைக் கூட்டினால் 2.68. அதே 7.2-ஐ, தேர்ச்சிக்கு 4 போதும் என்ற பல்கலைக்கழகத்தில் எடுத்திருந்தால் இடைவெளி 6, விடை 2.4. ஜெர்மனியின் முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் கோடு 2.5. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. இருவரின் மதிப்பெண்ணும் ஒன்றே. வேறுபட்டது, மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் தேர்ச்சி எல்லை மட்டும். அந்த வரி சில பட்டியல்களில் அச்சாவதே இல்லை. அச்சாகாதபோது மதிப்பிடுபவர் தன் கையேட்டில் உள்ள பொதுவான எண்ணை வைத்துக் கணக்கிட்டுவிடுகிறார். பிறகு முறையிட்டு என்ன பயன்?

தேர்ச்சி எல்லை உயர்ந்திருந்தால் விடை மோசமாகிறது என்பதில் ஒரு முரணும் இருக்கிறது. கடினமான தேர்ச்சி விதி உள்ள இடத்தில் படித்தவருக்கு அந்தச் சூத்திரம் தண்டனை வழங்குகிறது. சூத்திரத்தை வகுத்தவர்களுக்கு அளவுகோலின் இரு முனைகளும் தெரியும். அந்த முனைகளுக்கு நடுவே மாணவர்கள் எங்கே குவிந்திருக்கிறார்கள் என்பது தெரியாது. அது தெரியாமல் செய்யும் எந்த மாற்றமும் இப்படித்தான் முடியும். இதற்கு வழி உண்டா என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சிஜிபிஏயை விழுக்காடாக மாற்றுவதிலும் இதே குழப்பம்தான். 10-ஆல் பெருக்கு என்று ஒரு விதி, 9.5-ஆல் பெருக்கு என்று ஒரு விதி, 0.75-ஐக் கழித்துப் பிறகு 10-ஆல் பெருக்கு என்று இன்னொரு விதி. 7.5 என்ற ஒரே சிஜிபிஏ இவற்றில் முறையே 75, 71.25, 67.5 என்று ஆகிறது. பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுப் பட்டங்களுக்கு விழுக்காட்டில் எல்லை வகுப்பதும், பட்டம் தந்த நிறுவனத்தைப் பொறுத்து அந்த எல்லையை ஏற்றி இறக்குவதும் உண்டு என்பதால், எந்த விதியைப் பயன்படுத்துவது என்பது இங்கே வெறும் கணக்கு நுட்பம் அன்று. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் எழுத்து மூலம் தரும் விதியே செல்லும். அதை வாங்கி இணைக்காமல், தோழர் பயன்படுத்தினார் என்று ஒரு விதியை எடுத்து எழுதுவது வம்பை விலை கொடுத்து வாங்குவதாகும்.

சேர்க்கைக் குழுவின் மேசையில் ஒரு மதிப்பெண் பட்டியல் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதை வெளியே இருப்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே கற்பனை செய்கிறார்கள். மொத்தச் சராசரியைப் பார்ப்பதற்குச் சில நொடிகள் போதும். அதற்குப் பின் நேரம் முழுவதும் பாடங்களின் மீதுதான் போகிறது. 8.1 எடுத்த இரண்டு மாணவர்கள் பொருளியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவரின் பட்டியலில் விருப்பப் பாடங்களிலும் கட்டுரைப் பாடங்களிலும் மிக உயர்ந்த கிரேடுகள்; புள்ளியியலில் நடுத்தரம்; நேரியல் இயற்கணிதத்தில் இரண்டாம் முறை எழுதித் தேர்ச்சி. இரண்டாமவரின் பட்டியலில் மொழிப் பாடங்கள் சராசரி, முதல் செமஸ்டர் சுமார்; ஆனால் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, மெய்ப்பகுப்பாய்வு என்று வரிசையாக உயர்ந்த கிரேடுகள், அதுவும் கடினம் கூடக் கூடக் கிரேடும் ஏறிக்கொண்டே போகிறது. குழுவில் இந்த இருவரைப் பற்றி நீண்ட விவாதம் நடக்காது. இரண்டாமவரின் பெயருக்கு எதிரே குறியிடப்படும். முதலாண்டுத் தகுதித் தேர்வில் தாக்குப்பிடிப்பாரா என்ற ஒரே கேள்விக்குத்தான் குழு விடை தேடுகிறது. அந்த விடை சராசரியில் இல்லை.

பாடங்களின் பொருத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெர்மனியே மீண்டும் சான்று. அங்கே பல முதுநிலைப் படிப்புகள், இளநிலையில் குறிப்பிட்ட பாடப் பிரிவுகளில் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று வரையறுக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவை தகுதி மதிப்பீட்டு முறை என்ற பெயரில், இளநிலைப் பாடத்திட்டம் தங்கள் பாடத்திட்டத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கும் இறுதி மதிப்பெண்ணுக்கும் தனித்தனியே புள்ளிகள் தருகின்றன. 9-க்கு மேல் சிஜிபிஏ வைத்திருந்தும், கோட்பாட்டுக் கணினியியலில் போதிய கிரெடிட் இல்லை என்ற காரணத்தால் மறுக்கப்படுபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அவர்களைத் தோல்வியடைந்தவர்கள் என்று சொல்வது நியாயமன்று. தவறான கதவைத் தட்டியவர்கள், அவ்வளவே. ஆனால் பாட விவரணக் கையேட்டை இணைக்காததால் உரிய கிரெடிட் கணக்கில் வராமல் போனவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

அரியர் பற்றிய கேள்வி எப்போதும் வருவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றிரண்டு அரியர் இருந்தாலே எல்லாம் முடிந்தது என்பது மிகை. ஒரே செமஸ்டரில் வந்து, அடுத்த வாய்ப்பிலேயே தீர்ந்த அரியருக்கு நோய், குடும்ப இழப்பு போன்ற காரணம் இருந்தால், அதை இரண்டே வரியில், கண்ணீர் கலக்காமல் எழுதிவிட வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர் அதைச் சொன்னால் இன்னும் நல்லது. மறைப்பதுதான் ஆபத்து, முதல் முயற்சியையும் காட்டும் முழுப் பட்டியலைப் பல்கலைக்கழகங்கள் கேட்டு வாங்கும்போது, மறைத்தது வெளியே வந்துவிடும். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் குறிக்கப்பட்ட பாடங்களைப் பொறுத்தவரை, பல பல்கலைக்கழகங்கள் அவற்றைக் குறையாகக் கொள்ள மாட்டோம் என்று அறிவித்தன. பிரிட்டனிலோ, இறுதியாண்டு முடியும் முன்பே நிபந்தனையோடு இடம் தருவது வழக்கம். சொன்ன மதிப்பெண்ணை எடுக்காவிட்டால் அந்த இடம் கைநழுவும். இடம் வந்துவிட்டது என்று கடைசி செமஸ்டரை அலட்சியம் செய்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

முனைவர் பட்ட ஆய்வில் மதிப்பெண்ணின் இடம் மேலும் மாறுகிறது. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்ட மாணவருக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவியூதியமும் தந்து துறையே பல ஆண்டுகள் தாங்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அவர் ஒரு திட்டத்தின் ஊழியராகவே நியமிக்கப்படுகிறார். இந்த நிலையில் பேராசிரியர் தேடுவது, ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதம் விடை கிடைக்காவிட்டாலும் சோர்ந்துபோகாத ஒருவரை. இளநிலையில் செய்த ஆய்வுத் திட்டம், அதைக் கண்காணித்தவர் எழுதும் குறிப்பான கடிதம், நோக்க அறிக்கையில் தெரியும் கேள்வியின் தெளிவு ஆகியவை இங்கே பேசுகின்றன. "கடினமாக உழைப்பவர், பண்பானவர், வகுப்பில் முதன்மையானவர்" என்ற மூன்று அடைமொழிகளோடு முடிந்துவிடும் பரிந்துரைக் கடிதங்கள், மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே சொன்னதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. இது மாணவர்களின் குறையன்று. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களின் குறை.

பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ என்ற பொதுத் தேர்வைப் பற்றிய ஒரு தவறான ஆறுதலையும் தங்கள் கட்டுரை பரப்புகிறது. பல துறைகள் அதைக் கைவிட்டுவிட்டதால் சேர்க்கை எளிதாகிவிட்டது என்று அது கூறுகிறது. கைவிட்டது உண்மை, 2023 செப்டம்பரிலிருந்து தேர்வே இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குமாறு சுருக்கப்பட்டதும் உண்மை. ஆனால் முன்பு பெயர் தெரியாத கல்லூரியில் படித்த ஒருவர், கணிதப் பிரிவில் 170-க்கு 168 எடுத்து, என்னை உலகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று குழுவிடம் காட்ட முடிந்தது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான அந்த அளவுகோல் விலக்கப்பட்ட இடங்களில் எஞ்சியிருப்பது மதிப்பெண் பட்டியலும் கடிதங்களும்தான். பெயர் பெற்ற நிறுவனத்தின் 8-ஐக் குழு உடனே புரிந்துகொள்ளும். பெயர் தெரியாத நிறுவனத்தின் 8-ஐ யார் விளக்குவது? தேர்வு கட்டணம் மிகுந்தது, சலுகை பெற்றவர்களுக்கே சாதகமானது என்ற குற்றச்சாட்டுகளில் நியாயம் இருப்பதை ஏற்கிறேன். ஆயினும் அது போனதால் மதிப்பெண்ணின் சுமை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இந்த இடத்தில்தான், மேலே நிறுத்திய கேள்வியை, அதாவது அளவுகோலின் நடுவே மாணவர்கள் எங்கே குவிந்திருக்கிறார்கள் என்பது தெரியாத குறைக்கு வழி உண்டா என்பதைத் தொடர விரும்புகிறேன். ஒரு 8 எவ்வளவு உயர்ந்தது என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. அந்த வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதை வைத்தே சொல்ல முடியும். கிரேடுகள் தாராளமாகும் காலத்தில் இது மேலும் உண்மை. ஹார்வர்டில் இளநிலை மாணவர்களின் இடைநிலைக் கிரேடு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் கிரேடு) ஏ மைனஸ் என்றும், மிக அதிகமாக வழங்கப்படுவது ஏ கிரேடே என்றும் 2013-இல் அந்தக் கல்லூரியின் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. பிரின்ஸ்டன் 2004-இல் ஏ வகைக் கிரேடுகள் 35 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று விதி செய்து, பத்து ஆண்டுகள் கழித்து 2014-இல் அதைக் கைவிட்டது. ஒரு பல்கலைக்கழகம் தனியாகக் கஞ்சத்தனம் காட்டினால் அதன் மாணவர்களுக்குத்தான் வெளியே நட்டம் என்ற அச்சம் அங்கே தொடர்ந்து பேசப்பட்டது. மதிப்பெண்ணை இறுக்கிப்பிடிக்கும் நம் ஆசிரியர்களுக்கும் அதே அச்சம் வருவது இயல்பே.

இதற்கு மதிப்பெண்ணைத் தாராளமாக்குவது தீர்வாகாது. தீர்வை வேறு சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துச் செயல்படுத்தியும் விட்டார்கள். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி 1994-இல் எடுத்த முடிவின்படி, மாணவரின் பட்டியலில் அவர் பெற்ற கிரேடுக்குப் பக்கத்திலேயே அந்த வகுப்பின் இடைநிலைக் கிரேடும், வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற எண்ணிக்கையும் அச்சிடப்படுகின்றன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பட்டியலிலும் வகுப்புச் சராசரி இடம்பெறுகிறது. வகுப்பின் இடைநிலை சி-யாக இருக்கும் பாடத்தில் பி வாங்கியவர், எல்லோருக்கும் ஏ கிடைத்த பாடத்தில் ஏ வாங்கியவரைவிடக் குறைந்தவர் அல்லர் என்பதை எந்தப் பரிந்துரைக் கடிதமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் முதலில் தேர்ச்சி பெற்றவர்களை 10, 25, 30, 25, 10 விழுக்காடாகப் பிரித்து ஏ முதல் ஈ வரை எழுத்திடும் முறை இருந்தது; 2009-இல் அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிரேடையும் எத்தனை விழுக்காட்டினர் பெற்றார்கள் என்ற அட்டவணையை அப்படியே இணைக்கும் முறைக்கு மாறினார்கள். ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மன்றம், யுனெஸ்கோ மூன்றும் சேர்ந்து உருவாக்கிய பட்டப் பிற்சேர்க்கை ஆவணத்தில் இந்த அட்டவணைக்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இவற்றில் செலவு பிடிக்கும் வேலை எதுவும் இல்லை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கணினியில் எல்லா மாணவர்களின் எல்லா மதிப்பெண்களும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் இடைநிலையைக் கண்டு ஒரு பத்தியில் அச்சிடுவது மென்பொருளுக்கு நொடிப்பொழுது வேலை. ஆயினும் இதைக் கேட்டு நான் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியபோது, அப்படியொரு படிவம் வழக்கத்தில் இல்லை என்ற ஒரு வரிப் பதில்தான் வந்தது. வழக்கத்தில் இல்லை என்பதற்காகவே கேட்டேன் என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. இதற்கிடையே துறைத்தலைவர்கள் தனித்தாளில், இவர் வகுப்பில் முதல் ஐந்து விழுக்காட்டினருள் ஒருவர் என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் சான்றிதழ்கள் பெருகிவிட்டன. ஒரே வகுப்பிலிருந்து வரும் விண்ணப்பதாரர்கள் அனைவருமே முதல் ஐந்து விழுக்காட்டினராக இருப்பதைக் கண்ட குழுக்கள் அத்தகைய தாள்களை மதிப்பதில்லை. நேர்மையாகச் சான்று பெற்றவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து அடிபடுகிறார்.

எனவே பல்கலைக்கழகங்களிடம் தங்கள் நாளிதழ் வழியாக வைக்க விரும்பும் கோரிக்கை இது: வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு பட்டியலிலும் உச்ச மதிப்பெண்ணும் தேர்ச்சி எல்லையும் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும், விழுக்காடாக மாற்றும் அதிகாரபூர்வ விதி இருந்தால் அதுவும், இல்லையென்றால் இல்லை என்ற குறிப்பும் இருக்க வேண்டும், பாடவாரியாக வகுப்பின் இடைநிலை மதிப்பெண்ணும் தேர்வெழுதியவர் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். பாடவிவரணக் கையேடு பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஆண்டுவாரியாக நிலையாகக் கிடைக்க வேண்டும். பாடத்திட்டம் மாறியதும் பழையதை அழித்துவிடும் பழக்கத்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர் தான் என்ன படித்தோம் என்பதற்கே சான்று இல்லாமல் அலைகிறார்.

தங்களிடம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. அந்த அட்டவணையைத் தாங்கள் மறுபடி வெளியிடும்போது, ஒரே எண்ணுக்குப் பதிலாக, அந்த நாட்டில் எந்த ஆண்டுகளின் மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படுகிறது, மாற்றுவது யார், எந்த முறையில் என்ற மூன்று விவரங்களையும் சேர்த்துத் தாருங்கள். 4-ஆல் பெருக்கும் அந்த அடிக்குறிப்பை நீக்கிவிடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் விண்ணப்பக் கெடு டிசம்பரில் முடிகிறது. திருத்தம் அதற்கு முன் வெளிவந்தால், படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஆண்டே பயன்படும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்